படிக்கு வெளியே ஒரு கால்

ஹல் துறைமுகத்தில், ஹெஸல் ரோட்டில், மியூரியல் ஸ்டாதர்ஸைத் தெரியாத ஆள் ஒருவர் இருந்தால் அவர் நேற்றுத்தான் ரயிலை விட்டு இறங்கியிருக்க வேண்டும். பதினாலு வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு மீன் வெட்டும் கொட்டகைக்குப் போனவள். ஐஸ் தண்ணீரில் கை மரத்துப்போக நின்று, காட் மீனின் சதையை ஒரு முள் ஒட்டாமல் எடுக்கக் கற்றவள். அதே கையால் எட்டுக் காதல் நாவல் எழுதினாள். எட்டும் அச்சாகி, நூலகத்தில் அட்டை கிழியக் கிழியக் கை மாறிக்கொண்டிருந்தன. யார் சொல்லிக் கொடுத்தார்கள்? யாரும் இல்லை. எழுத்துப் பிழை வராதா? வரும். அதைத் திருத்தத்தான் லண்டனில் ஆட்களைச் சம்பளம் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள் என்பாள்.

அப்படிப்பட்டவளுக்கு ஒன்பதாவது நாவலில் அடி விழுந்தது. ஒரு திங்கட்கிழமை பதிப்பகத்திலிருந்து மிஸ் ஆர்டன் தொலைபேசியில் பேசினாள்.

“கதை பிரமாதம், மிஸஸ் ஸ்டாதர்ஸ். ஆனா அந்த முதல் முத்தம் இருக்கு பாருங்க…”

“அதுக்கென்ன குறைச்சல்? நிலா இருக்கு, ரோஜாத் தோட்டம் இருக்கு, ரெண்டு பேருக்கும் வாய் இருக்கு.”

“அதேதான் எட்டுப் புத்தகத்துலயும் இருக்கு. காதலனோட தலைமுடி நிறம் மட்டும்தான் மாறுது. வாசகிகளே எழுதிக் கேக்குறாங்க. அந்த அத்தியாயத்தை மாத்திக் குடுங்க. இல்லன்னா இந்தப் புத்தகத்தை எங்களால போட முடியாது.”

மியூரியல் ஃபோனை வைத்த வேகத்தில் அலமாரித் தட்டுகள் குலுங்கின. வசந்த காலத்தில் ஒன்பதாவது வருகிறது என்று கசாப்புக் கடைக்காரன் வரை சொல்லி வைத்திருக்கிறாள். இப்போது வராது என்று எந்த முகத்தோடு தெருவில் நடப்பாள்?

வியாழக்கிழமை பிங்கோ ஆட்டத்துக்கு நடுவே தேநீர் கொடுத்தார்கள். பக்கத்தில் டோரீனும் க்ளாடிஸும். கொட்டகையில் அவளோடு ஒரே மேசையில் மீன் வெட்டியவர்கள்.

“ஏண்டி, உங்களுக்கு முதல் முத்தம் ஞாபகம் இருக்கா?”

“எந்த ஆளு குடுத்ததுன்னு சொல்லிக் கேளு” என்றாள் க்ளாடிஸ்.

“உன் கணக்கை நாளைக்கு வச்சிக்கலாம். டோரீன், நீ சொல்லு.”

“எனக்கு மீன் புகை போடுற அறையில. புகையில ரெண்டு பேர் கண்ணுலயும் தண்ணி தாரை தாரையா ஊத்துது. கதவைத் திறந்தா எங்கப்பன் நிக்கிறான். யாரு செத்துட்டாங்கன்னு கேட்டான்.”

மூவரும் சிரித்த சிரிப்பில் முன்வரிசைக்காரி திரும்பி முறைத்தாள்.

“சரி, உதடு எப்படி இருந்துச்சு?”

“உதடா? அதை யாரு பாத்தா? கதவுக்கு அந்தப் பக்கம் எங்கப்பன் செருமுனான் பாரு, அதுதான் இன்னைக்கும் காதுல கேக்குது.”

க்ளாடிஸ் பிஸ்கட்டைத் தேநீரில் முக்கினாள். “என் ஆளு குடுக்கும்போது நான் பயத்துல தலையைத் திருப்பிட்டேன். முத்தம் காது மேல விழுந்துச்சு. வெக்கப்பட்டுக்கிட்டு ஒரு வாரம் எங்க தெருப் பக்கமே வரல மனுசன். அந்த ஒரு வாரம் நான் துடிச்ச துடிப்பு இருக்கே, பிள்ளை பெத்தப்பகூட அப்படித் துடிக்கல.”

மியூரியல் அடுத்த ஆட்டத்தின் எண்களைக் கவனிக்கவே இல்லை. உதட்டைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? உலகத்தில் எல்லோருக்கும் இரண்டு உதடுதான். குறுக்கே என்ன நின்றது, அதைத் தாண்ட என்ன விலை கொடுத்தார்கள் என்பதல்லவா மனதில் தங்குகிறது. அவள் எழுதிய எட்டு முத்தங்களுக்கும் குறுக்கே ஒரு பூனைகூட நின்றதில்லை. கல்லூரிப் படிப்புப் படித்தவர்கள் இதைக் கண்டுபிடிக்க வருடக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள், தனக்கு ஒரு கோப்பைத் தேநீர் போதுமாயிருந்தது என்று அப்போதும் அவளுக்குப் பெருமைதான்.

வீட்டுக்கு வந்ததும் தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்தாள். குறுக்கே ஒன்று நின்ற முத்தம் அவளிடமே ஒன்று இருந்தது.

உலகப் போர் முடிந்த மறுவருடம். இன்றைக்கு அவள் புருஷனாயிருக்கும் வில்ஃப் அப்போது மீன்பிடிக் கப்பலில் வேலை, கரையில் இருக்கும் நாட்களில் அவள் அம்மா வீட்டில் வாடகைக்குத் தங்குபவன். அன்று அவன் கப்பல் ஏறும் நாள். வீட்டில் ஒரு துணி நனைக்கவில்லை. நனைத்தால் கடல் அவனை அலசிக்கொண்டு போய்விடும் என்பது அந்தத் தெருவின் நம்பிக்கை. போய் வா என்று யாரும் சொல்லவில்லை, கையசைக்கவில்லை. அவன் பையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினான். இறங்கியவன் திரும்பி உள்ளே வரக்கூடாது, வந்துவிட்டுக் கப்பல் ஏறினால் கப்பலுக்கே ஆபத்து. எதை மறந்தாலும் மறந்ததுதான். வாடகைக் கார் வரை போன வில்ஃப், பையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி வந்தான்.

“உள்ள வராதீங்க! காலைப் படிக்கு வெளிய வைங்க!” என்று இருபத்திரண்டு வயது மியூரியல் அடித்தொண்டையில் கத்தினாள். அம்மா சமையலறையில் இருந்தாள். அவன் ஒரு காலை வெளியே ஊன்றிக்கொண்டு வாசலுக்குள் சாய்ந்து முத்தம் கொடுத்தான். அவளும் கொடுத்தாள். கொடுக்கும்போதே கால் வழுக்கி உள்ளே வந்துவிட்டது.

கால் உள்ளே வந்தவன் எப்படிக் கப்பல் ஏறுவான்? ஏறவில்லை. ஒப்புக்கொண்ட கப்பலில் ஏறாத குற்றத்துக்குக் கோர்ட்டில் அபராதம் கட்டினான், வாரக்கணக்கில் எந்தக் கப்பலும் அவனைச் சேர்க்கவில்லை. கப்பலோ மீனால் நிரம்பி வழிந்து திரும்பியது. ஏண்டா ஏறவில்லை என்று கேட்டவர்களிடமெல்லாம், குடித்துவிட்டுக் கிடந்தேன் என்று சொல்லிவிட்டான்.

எழுதி முடித்துப் படித்தபோது மியூரியலுக்கே உடம்பு சிலிர்த்தது. ஆனால் இது வில்ஃபின் கதையும்தான். பின்கட்டில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தவனிடம் போய்ப் படித்துக் காட்டினாள்.

வில்ஃபின் கத்தி பாதித் தோலில் நின்றது.

“இது அச்சுல வரக் கூடாது.”

“பேரை மாத்திட்டேன்யா. கப்பல் பேரையும் மாத்திட்டேன்.”

“எதை மாத்துனாலும் இந்த ரோட்டுல கப்பலைத் தவறவிட்டவன் நான் ஒருத்தன்தானே? நாப்பது வருசமா எனக்குக் குடிகாரன்னு ஒரு நல்ல பேரு இருக்கு. பாடுபட்டுச் சம்பாதிச்ச பேரு. அதைக் கெடுத்து, பொம்பளை முத்தத்துக்காகத் திரும்பிப் போனவன்னு ஆக்கப் போறியா? கிளப்புல என் முன்னால உதட்டைக் குவிச்சிக் காட்டுவானுங்க!”

“அப்ப புத்தகம் வராதுய்யா.”

“வரவேணாம்.”

வெள்ளிக்கிழமை முழுக்க அவள் வேறு முத்தம் தேடினாள். ரயில் நிலையத்தில் வைத்துப் பார்த்தாள், மழையில் ஒரே குடைக்குள் வைத்துப் பார்த்தாள். ஒவ்வொன்றும் முந்தாநாள் வெட்டிய மீன் போலச் சவசவவென்று கிடந்தது. வில்ஃப் சாப்பாட்டு மேசையில் உப்பைக் கேட்டதோடு சரி.

சனிக்கிழமை அவன் செய்தித்தாள் வாங்கப் போனபோது மியூரியல் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தாள். கசாப்புக் கடைக்காரன் கேட்பான். நூலகத்தில் கேட்பார்கள். கேட்கட்டும். ஊரெல்லாம் வாசகிகள் இருக்கலாம், பின்கட்டில் உருளைக்கிழங்கு சீவ ஒருத்தன்தான் இருக்கிறான். மிஸ் ஆர்டன் தன் வீட்டு எண்ணையும் கொடுத்திருந்தாள். மியூரியல் எழுந்து போய் ஃபோனை எடுத்து எண்ணைச் சுழற்ற ஆரம்பித்தாள்.

“வை அதை” என்றான் வில்ஃப். செய்தித்தாளோடு நடையில் நின்றுகொண்டிருந்தான். “யாரைக் கூப்பிடுற?”

“லண்டனை. புத்தகம் வேண்டாம்னு சொல்லப் போறேன்.”

அவன் கொஞ்ச நேரம் தொப்பியைக் கழற்றுவதும் போடுவதுமாக நின்றான். பிறகு தட்டச்சு இயந்திரத்தின் பக்கத்தில் கிடந்த தாள்களை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் அடியில் விரலை வைத்துப் படித்தான். எட்டுப் புத்தகத்தில் ஒரு வரி படிக்காதவன்.

“தப்பா எழுதியிருக்க” என்றான்.

“எது தப்பு? நான் அங்கதானே நின்னேன்!”

“நின்ன. ஆனா என் கால் வழுக்கல.”

மியூரியல் ஃபோனை வைத்தாள்.

“நானே உள்ள வச்சேன். என் கால் வெளியதான் இருக்கான்னு நீ ஓரக்கண்ணால பாத்துக்கிட்டே முத்தம் குடுத்த பாரு, அதைப் பாத்ததும் இனிமே எந்தக் கப்பல்ல போயி என்ன பண்ணப் போறோம்னு தோணிச்சு. வச்சிட்டேன்.”

“நாப்பது வருசமா ஏன்யா சொல்லல?”

“அய்யோ வழுக்கிடுச்சேன்னு நீதான் கத்துன. சரி, வழுக்குனதாவே இருக்கட்டும்னு விட்டுட்டேன். வேணும்னே வச்சேன்னு சொன்னா, இந்தப் பைத்தியத்தையா கட்டிக்கணும்னு உங்கம்மா பின்வாங்கியிருப்பாங்க. வெளியில குடிச்சேன்னு சொன்னது உனக்காகத்தான். கப்பலுக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா ஊரு உன் தலையிலதான் பழியைப் போட்டிருக்கும்.”

மியூரியல் தட்டச்சு இயந்திரத்தின் முன் போய் உட்கார்ந்து புதுத் தாளைச் சொருகினாள்.

“அப்ப எழுதலாமா?”

“எழுதப் போறேன்னா சரியா எழுது. வழுக்கி விழுற மாதிரி ஒரு மடையனை எவ கட்டிக்குவா? அவனே வச்சான்னு எழுது.”

“கிளப்புல உதட்டைக் குவிப்பானுங்களே?”

“குவிக்கட்டும். அவனுங்களுக்கு யாரு குடுக்கப் போறா?”

மியூரியல் எழுத்துகளைத் தட்ட ஆரம்பித்தாள். வில்ஃப் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

“மெதுவா அடி புள்ள” என்றான். “நான் படிக்க வேணாமா?”