நானும் பிள்ளைதான் என்றேன்

மயிலாப்பூர் வங்கியிலிருந்து நானும் அக்காவும் வெறுங்கையோடு மந்தைவெளிப் பக்கம் நடந்துகொண்டிருந்தோம். கேட்பாரற்றுக் கிடக்கும் பணத்தை வாரிசுகளுக்குத் திருப்பித் தரும் அரசு முகாம் அந்த வங்கியில் நடந்தது. இறந்துபோன அம்மாவின் சேமிப்பை வாங்கி, எனக்கு ஓர் அறை பிடிப்பதாக இருந்தோம்.

"நான் ஒருத்திதான் வாரிசுன்னு சான்றிதழ் கீது. கையெழுத்து போடற நேரத்துல, நானும் புள்ளதான் சார்னு இன்னாத்துக்குடா சொன்ன? இப்போ ரெண்டு பேர் பேரும் போட்டு புதுசா சான்றிதழ் வாங்கினு வரச் சொல்றான் பேங்க்காரன்" என்றாள் அக்கா.

"என் பேரு ஏன் அதுல இல்ல?"

"ஓடிப்போனவன் செத்துட்டான்னு அம்மாவே உனக்குக் காரியம் பண்ணிச்சுடா."

மகன் என்று காட்ட என்னிடம் ஒரு தாளும் இல்லை. அம்மா எனக்காக அழுது முடித்திருந்தாள். அதற்கு மேல் யாரிடம் என்ன கேட்பது?

மறுநாள் காலை தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் மூட்டை தூக்கச் சேர்ந்தேன். ராத்திரி அங்கேயே படுத்துக்கொள்ளலாம் என்றார்கள்.