இடது செட்டை இல்லாத மீன்கள்

ராஜபாளையத்துக்கும் கடலுக்கும் உள்ள உறவு கருவாட்டோடு முடிந்துவிடும். அந்த ஊரில் பிறந்த நான் மீன் ஆராய்ச்சிக்குப் போனதற்கு மீன்மேல் இருந்த ஆசை காரணமல்ல. மற்ற துறைகளில் இடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். மில்லில் ஷிப்டு பார்த்துவந்த என் அப்பா, "மீனுல என்னலே ஆராய்ச்சி? முள்ளு பாத்துத் திங்கத் தெரிஞ்சாப் போதாதா?" என்று கேட்டார். அதைவிடத் தெளிவான கேள்வியை எந்தக் கருத்தரங்கிலும் நான் கேட்டதில்லை.

எண்பதுகளின் கடைசி அது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்பு போகும் பஸ்ஸில் ஏறி, மகாராஜபுரத்துக்குப் பக்கத்தில் இறங்கி நடந்தால் ஒரு கண்மாய். அதில் அரசாங்கம் சோதனைக்காகக் கெண்டைக் குஞ்சுகளை விடும். அவை பிழைக்கின்றனவா, வளர்கின்றனவா என்று நான் பார்த்து எழுத வேண்டும். பிழைத்தால் ஆண்டுதோறும் அந்தக் கண்மாய்க்கு இலவசமாகக் குஞ்சு வரும். பிழைக்காவிட்டால் வராது. எது நடந்தாலும் எனக்கு முனைவர் பட்டம் உண்டு. ஆராய்ச்சியின் அழகே அதுதான்.

கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமைக்கு அங்கே மீன்பாசி என்று பெயர். அந்த வருஷம் மீன்பாசியைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் நாற்பது வயதுள்ள ஓர் அண்ணாச்சி. அவர் வலை வீசுவார். அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுவேன், மீனை அலுமினியச் சட்டியில் சுமந்துகொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் சந்தைக்கு பஸ் ஏறுவார். நல்ல மழை பெய்து மேலேயுள்ள கண்மாய் நிரம்பி வழிந்தால் அதிலிருந்து கொஞ்சம் பெரிய கெண்டை இங்கே வந்து சேரும். மற்றபடி கெளுத்தி, ஜிலேபி என்று பொடிமீன்கள்தான். அதை நம்பிப் பிழைக்க முடியாமல் கோடையில் இருவரும் செங்கல் சூளைக்குப் போவார்கள்.

"வருசா வருசம் குஞ்சு விட்டாகன்னா நாங்க சூளைக்குப் போக வேணாம் தம்பி" என்றார் அக்கா, முதல் நாளே. அதை நான் எழுதிக்கொள்ளவில்லை. என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

மேல்கண்மாயிலிருந்து வரும் கெண்டை எது, நாங்கள் விட்ட கெண்டை எது என்று பிரித்தறிய ஓர் அடையாளம் வேண்டும் அல்லவா? என் பேராசிரியர் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். மீனின் அடிவயிற்றில் ஜோடியாக இருக்கும் செட்டைகளில் இடது செட்டையை மட்டும் கத்தரித்துவிட வேண்டும். குஞ்சுப் பண்ணையில் நான் இரண்டு நாள் உட்கார்ந்து, விரல் நீளக் குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, சின்னக் கத்தரிக்கோலால் வெட்டினேன். எங்கள் தெரு முடிதிருத்துபவர்கூட அத்தனை பேரை அத்தனை கவனமாகக் கத்தரித்திருக்க மாட்டார்.

இன்னொரு கட்டளையும் இருந்தது. மீன் பிடிப்பவர்களிடம் இந்த அடையாளத்தைப் பற்றி மூச்சு விடக்கூடாது. சொன்னால் அவர்கள் வேண்டுமென்றே அந்த மீன்களைத் தேடிப் பிடிப்பார்கள், முடிவு கெட்டுப்போகும். "அவங்களா கவனிக்க மாட்டாங்களா சார்?" என்று கேட்டேன். "மீனவர்கள் அவ்வளவு நுணுக்கமாப் பாக்க மாட்டாங்க" என்றார் பேராசிரியர். வாழ்க்கை முழுக்க மீனைக் கண்ணாடிக் குப்பியில் மட்டும் பார்த்தவர் அவர். களத்துக்கு ஒரே ஒரு முறை வந்தார். கரையில் நின்று, கண்மாயில் இருப்பது தண்ணீர்தான் என்று உறுதி செய்துகொண்டு, பால்கோவா வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்.

தையிலிருந்து வாரம் இரண்டு நாள் காலையில் கரைக்குப் போனேன். அண்ணாச்சி பிடித்து வைத்திருக்கும் மீன்களை எடை போடுவேன், நீளம் அளப்பேன். வாங்கிய மீனின் வயிற்றை அங்கேயே கீறி, என்ன தின்றிருக்கிறது என்று பார்ப்பேன். அக்கா முகத்தைச் சுளித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிடுவார். "சமைக்கக் கீறுனா சரி, சும்மாவா கீறுவாக?" என்று அண்ணாச்சியிடம் முணுமுணுப்பது காதில் விழும். கெண்டை கிடைத்தால் மட்டும் புரட்டி அடிவயிற்றைப் பார்ப்பேன். இரண்டு செட்டையும் இருக்கும். மறுவாரமும் இருக்கும். நான் வெட்டிவிட்ட மீனில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

கண்மாய் வற்றும்வரை காத்திருந்து பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது. விஞ்ஞானத்துக்கு அந்தப் பொறுமை இருந்தது. நிதியாண்டுக்கு இல்லை. மார்ச்சுக்குள் அறிக்கை வேண்டும் என்றார்கள். கொடுத்தேன். விட்ட குஞ்சுகள் அனைத்தும் அழிந்தன, இக்கண்மாய் கெண்டை வளர்ப்புக்கு உகந்ததன்று என்று முடித்திருந்தேன். அந்த "அன்று" எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அடுத்த வருஷத்துக்கு எழுதி வைத்திருந்த குஞ்சுகளை அலுவலகம் உடனே ரத்து செய்தது. அரசாங்கம் அவ்வளவு வேகமாக ஒரு காரியம் செய்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மே மாதம், ஆய்வேட்டில் சேர்க்க ஒரு புகைப்படம் வேண்டும் என்று மறுபடி போனேன். கண்மாய் வற்றி வெடித்துக் கிடந்தது. கரையில் இருக்கும் அய்யனார் கோயில் கிணற்றின் படியில் நின்று அக்கா தவிடு தூவிக்கொண்டிருந்தார், மேலே அண்ணாச்சி கைவலையோடு நின்றார். கிணற்றுக்குள் தண்ணீர் கொதிப்பதுபோல் இருந்தது. எட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒரு முழத்துக்குக் கெண்டை.

"என்ன அண்ணாச்சி, கிணத்துல மீனு?"

"சாமி மீனு சார். கம்மா வத்திருச்சுல்ல. செத்துப்போகுமேன்னு எடுத்தாந்து விட்டோம்."

அவர் படியில் இறங்கி, கைவலையில் ஒன்றைத் தூக்கிப் புரட்டிக் காட்டினார். இடது செட்டை இல்லை.

"சாமிக்குன்னு காது வெட்டி விட்ட கிடாய, நேந்தவரு வந்து கடன முடிக்கிற வரைக்கும் யாராச்சும் தொடுவாகளா? அது மாதிரிதான் இதுவும். எந்த மகராசன் நேந்துக்கிட்டாரோ, ஒரு பக்கத்துச் செட்டைய அழகா வெட்டி விட்ருக்காரு. வலையில விழுந்துச்சுன்னா கும்புட்டுத் திருப்பி விட்ருவோம்."

"எங்கிட்ட ஏன் காட்டல?"

அக்காதான் பதில் சொன்னார். "நீங்கதான் எதக் கண்டாலும் வயித்த வகுந்துருவீகளே தம்பி. தெரியாம சாமி மீன வகுந்து உங்களுக்கு ஒண்ணு ஆகிப்போச்சுன்னா? படிக்கிற புள்ள. அதான் நீங்க பஸ்ஸ விட்டு எறங்குமுன்ன விட்ருவோம்."

ஆக, ஐந்து மாதமாக நான் அவர்களிடமிருந்து ஒரு ரகசியத்தைக் காப்பாற்றி வந்திருக்கிறேன். அவர்கள் என்னையே காப்பாற்றி வந்திருக்கிறார்கள். வெட்டியது நான்தான் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "அடுத்த வருசக் குஞ்சு எப்பத் தம்பி வரும்? இந்தத் தடவ நேந்துக்காத குஞ்சா விடச் சொல்லுங்க" என்றார் அக்கா. சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அன்றைக்கு அதை அதிர்ச்சி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கோழைத்தனம் என்பது சரியான சொல்.

பேராசிரியரிடம் ஓடினேன். மீன்கள் பிழைத்திருக்கின்றன, பெருத்திருக்கின்றன, முடிவை மாற்ற வேண்டும் என்றேன். அவர் நிதானமாகக் கேட்டார்: "அந்தக் கிணறு உன் ஆய்வுப் பரப்புக்குள்ள வருதா?"

"இல்ல சார்."

"அப்புறம் என்ன?"

"ஒரு அடிக்குறிப்பாவது..."

"அய்யனாரை அடிக்குறிப்புல போட்டா தேர்வாளருங்க சிரிப்பாங்க."

தேர்வாளர்கள் சிரிக்கவில்லை. பூஜ்யத்தை இவ்வளவு நேர்மையாகப் பதிவு செய்த ஆய்வைத் தாம் கண்டதில்லை என்று ஒருவர் மனம்விட்டுப் பாராட்டினார். மாலை போட்டார்கள். எங்கள் தெருவில் அப்பா எல்லாருக்கும் காராச்சேவு வாங்கிக் கொடுத்தார். எனக்குத் தின்னப் பிடிக்கவில்லை.

அந்த வருஷம் ஐப்பசி பிறந்தும் மழை பெய்யவில்லை. பட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மீன்துறை அலுவலகத்துக்குப் போனேன். அந்தக் கண்மாயில் கெண்டை நன்றாக வளரும், குஞ்சு கொடுங்கள் என்று கேட்டேன். அதிகாரி என்னை உட்காரச் சொல்லி, கோப்பைப் பிரித்து, என் வாக்கியத்தையே எனக்குப் படித்துக் காட்டினார். "உகந்ததன்று"வில் நிறுத்தினார்.

"ஆராய்ச்சி பண்ணினவரே ஆகாதுன்னு எழுதியிருக்கார். நான் எப்படிங்க மறுத்து எழுத?"

"அதை எழுதினது நான்தான் சார்."

"அப்ப இன்னும் உறுதியாப் போச்சு" என்று கோப்பை மூடினார்.

அங்கிருந்து நேராக ஸ்ரீவில்லிபுத்தூர் சந்தைக்குப் போனேன். அக்காவின் சட்டியில் அடியில், வேறு கண்மாயிலிருந்து வாங்கி வந்த கொஞ்சம் கெளுத்தி கிடந்தது. அண்ணாச்சி சூளைக்குப் போய்விட்டதாகவும் மறுநாள் தானும் போவதாகவும் அக்கா சொன்னார். இந்தத் தடவை எதையும் மறைக்கவில்லை. செட்டையை வெட்டியது நான், அது வேண்டுதல் இல்லை, எண்ணிப் பார்ப்பதற்காகப் போட்ட அடையாளம், ஒன்றும் கிடைக்காததால் ஆகாது என்று எழுதிவிட்டேன், இனிமேல் குஞ்சு வராது என்று நின்றபடியே ஒப்பித்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அவர் மீன்மேல் தண்ணீர் தெளித்தார். பிறகு நிமிர்ந்து, "அப்ப நேந்துவிட்டது நீங்கதானா?" என்றார்.

"நேந்துக்கலக்கா. படிப்புக்காக..."

"எதுக்கோ ஒண்ண நெனச்சுத்தான வெட்டி விட்டீக? நெனச்சது நடந்துச்சா?"

பையில் பட்டம் இருந்தது. இல்லை என்று எப்படிச் சொல்ல?

"நடந்துருச்சுக்கா."

"அப்ப வந்து நேத்திக்கடன முடிச்சிருங்க தம்பி" என்றார் அக்கா. "கெணத்துலயும் தண்ணி வத்திக்கிட்டே வருது."