வெள்ளை எந்த ஊருக்கு?

பிளஸ் டூ முடித்த அந்த ஆடி மாதத்தில் என்னால் சேர்ந்தாற்போல் ஐந்து நிமிடம் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துபோய் போனைப் பார்ப்பேன். படுத்தால் ஃபேன் சத்தம் எரிச்சலாக இருக்கும், நிறுத்தினால் புழுங்கும். "இவ காலுல என்ன சக்கரமா கட்டியிருக்குது?" என்று அம்மா கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள்.

இவ்வளவுக்கும் எனக்கு வந்தது கஷ்டம்கூட இல்லை. இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருந்தது, அவ்வளவுதான். ஒன்று சேலம் போகிற நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் தனியார் பல்கலைக்கழகம். கம்ப்யூட்டர் சயின்ஸ். அதன் மஞ்சள் பஸ் பரமத்தி வேலூரில் எங்கள் தெருமுனைக்கே வரும். அம்மா கட்டிக்கொடுக்கிற சோற்றோடு காலையில் ஏறினால் சாயங்காலம் காப்பிக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். ஆண்களுக்கு ஒரு படிக்கட்டு, பெண்களுக்கு ஒரு படிக்கட்டு. அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றினால் வீட்டுக்கு போன் வரும். இன்னொன்று டெல்லியில் ஒரு மத்தியப் பல்கலைக்கழகம். வரலாறு. போய்ச் சேரவே இரண்டு ராத்திரி ரயிலில் தூங்க வேண்டும். அதன் படங்களில் பிள்ளைகள் மரத்தடியில் உட்கார்ந்து கையை நீட்டி நீட்டி எதையோ பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு அப்படி ஓர் ஆசை.

அப்பாவுக்கு இதில் துளியும் சம்மதமில்லை. அவர் ரிக் வண்டிக்காரர். திருச்செங்கோட்டு போர்வெல் லாரியோடு வருஷத்தில் பாதி நாள் மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் கிடப்பவர். வடக்கைப் பற்றி எங்கள் வீட்டில் அவர் சொல்வதுதான் தீர்ப்பு.

"டெல்லி டெல்லிங்கறயே அம்மிணி, மார்கழில அங்க தண்ணியத் தொட்டுப் பாத்திருக்கறயா? எலும்பு நோகும்."

"நீங்க மட்டும் போறீங்கல்லங்ப்பா?"

"நான் பொழைக்கப் போறேன். உனக்கென்ன தலையெழுத்தா?"

ஆடி பிறப்பதற்கு முன்னால் ஓர் உறவினர் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தபோதும் விசாரணைதான். கம்ப்யூட்டரை விட்டுப்போட்டு வரலாறா, கலெக்டர் ஆகப் போறாளா என்று கேட்டார்கள். எனக்கு அப்படி ஒரு எண்ணமே கிடையாது. ஆனாலும் "ஆமாங்க" என்று சொல்லிவைத்தேன். அந்த ஒரு வார்த்தைக்கு இலையில் இன்னொரு ஜிலேபி விழுந்தது.

வீட்டில் நான் பேசிய பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. என் வாழ்க்கையை நானே முடிவு பண்ணிக்கொள்கிறேன் என்று நான் கதவை அறைந்து சாத்தியதில் மாட்டியிருந்த காலண்டர் கீழே விழுந்தது. ஆனால் சாத்திய கதவுக்கு உள்ளே நடந்தது வேறு. காலையில் டெல்லி என்று இருப்பேன். மத்தியானம் அந்த மஞ்சள் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைக்குமா என்று யோசித்துக்கொண்டிருப்பேன். மதில்மேல் பூனையாவது ஏதாவது ஒரு பக்கம் குதித்துத் தொலைக்கும். எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் சம்மதம் தெரிவிக்காவிட்டால் டெல்லி இடம் போய்விடும். ஆடியில் எங்கள் பக்கம் யாரும் எந்த நல்ல காரியத்தையும் முடிவு செய்வதில்லை. டெல்லிக்காரர்களுக்கு ஆடி என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அப்பா, "அம்மன்கிட்டப் பூக் கேட்டுப் பாத்தர்லாம்" என்றார். அந்த மாதம் முழுவதிலும் மூன்று பேரும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அதுதான். என் அறிவைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. இருந்தும் முதல் ஆளாகக் குளித்துவிட்டு வாசலில் நின்றவள் நான்தான்.

எங்கள் குலதெய்வக் கோயில் ஆற்றை ஒட்டி, வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. வெள்ளை அரளி ஒன்று, செவ்வரளி ஒன்று, இரண்டையும் தனித்தனியாக வாழை இலைத் துண்டில் மடித்து நாரால் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். பூசாரி இரண்டையும் குலுக்கி ஒன்றை எடுத்துக் கொடுப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். பெண் கேட்டு வந்தாலும் சரி, தோட்டத்தில் போர்வெல் போடுவதானாலும் சரி, எங்கள் ஆட்கள் பூக் கேட்காமல் காலெடுத்து வைக்க மாட்டார்கள்.

"மனசுல நல்லா நெனச்சுக்கங்க. வாயுல சொல்லப்படாது" என்றார் பூசாரி.

கண்ணை மூடினோம். உடுக்கைச் சத்தம் காதை அடைத்தது, ஆடிக் கூட்டம் பின்னாலிருந்து நெருக்கித் தள்ளியது. பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்து அம்மாவின் முந்தானையில் போட்டார். அம்மா நாரை அவிழ்த்தாள். வெள்ளை.

எனக்கு ஒரு பெருமூச்சு வந்தது. பரீட்சையைத் தள்ளிவைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டால் வருமே, அந்த மாதிரி. அப்பா மட்டும் அந்தப் பூவையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியே வந்து இளநீர்க் கடையில் நின்றோம். அப்பா ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "சரி, ஆனது ஆச்சு. நல்ல கம்பளியா ரெண்டு வாங்கோணும்" என்றார்.

"பஸ்ஸுல போறதுக்குக் கம்பளி எதுக்குங்ப்பா?"

"எந்த பஸ்ஸு? வெள்ளைதான வந்துது? டெல்லி."

"இல்லீங்ப்பா. நான் வெள்ளைய இங்கத்திக் காலேஜுக்கு நெனச்சேன்."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கல்யாணத்துக்கும் போர்வெல்லுக்கும் இந்தத் தொல்லை கிடையாது. வேணுமா, வேண்டாமா, அவ்வளவுதான். இரண்டு பல்கலைக்கழகத்தில் எது வெள்ளை, எது சிவப்பு என்று எங்களில் ஒருவருக்கும் கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை.

அம்மாதான் முதலில் சுதாரித்தாள். "ஏனுங்க, அனுப்பவே மாட்டேன்னு ஒரு மாசமாக் குதிச்சீங்க. நீங்க எதுக்கு டெல்லிக்கு வெள்ளைய வெச்சீங்க?"

அப்பா கடைக்காரருக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார். "எனக்கு என்னைக்கு வெள்ளை வந்திருக்குது? ரெண்டாவது லாரிக்குக் கேட்டேன், செவப்பு. மேக்காட்டுல போர் போடக் கேட்டேன், செவப்பு. எப்படியும் செவப்புத்தான் வரும், புள்ள ஊட்டோட இருந்துக்கும்னு நெனச்சேன். இந்தத் தடவ பாத்து ஆத்தா வெள்ளையக் குடுத்துப்போட்டா."

அம்மா சிரித்த சிரிப்பில் இளநீர் புரையேறியது. மூக்கைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "டெல்லி டெல்லின்னு கதவை ஒடைச்சயே, நீ எதுக்கு வெள்ளைய இங்க வெச்சே?"

சொல்லாமல் தப்பிக்க வழியில்லை. "பயமா இருந்துச்சும்மா" என்றேன். அந்த மாதம் நான் பேசியதிலேயே உண்மையான பேச்சு அதுதான். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"நீ என்னடி நெனச்சே?" என்று அப்பா அம்மாவைக் கேட்டார்.

"நான் என்னத்த நெனைக்கறது? எங்கயாச்சும் ஒரு பக்கம் போய்ச் சேரட்டும், கதவாச்சும் தப்பிக்கட்டும்னு கும்புட்டேன்."

அப்பா விறுவிறுவென்று கோயிலுக்குள் போனார். நாங்களும் பின்னாலேயே ஓடினோம். மறுபடி ஒரு தடவை கேட்க முடியுமா என்றார். பூசாரி தலையை ஆட்டிவிட்டார். "ஒரு காரியத்துக்கு ஒரு தடவதானுங்க. மறுக்காக் கேட்டா ஆத்தாளுக்குக் கோவம் வரும்."

"சரிங்க, யாரு நெனச்சது கணக்கு?"

"அதெல்லாம் வர்றதுக்கு முன்னாலயே ஊட்டுல பேசி வெச்சுக்கோணுமுங்க" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மறுபடியும் இளநீர்க் கடை. குடித்துமுடித்த காய்கள் அங்கேயே கிடந்தன. அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லு சாமி. நீ என்ன சொல்றயோ அதுதான்" என்றார். அதில் கோபமும் இல்லை, குத்தலும் இல்லை.

ஒரு மாதமாக நான் கேட்டுக் கத்தியது இதைத்தான். கையில் கொடுத்தபோது தொட முடியாத சூடாக இருந்தது. அம்மன் சொன்னாள் என்று போயிருந்தால், நாளைக்கு எது கெட்டாலும் அம்மனைத் திட்டலாம். அப்பா தடுத்தார் என்று இருந்திருந்தால், ஆயுசுக்கும் அப்பாவைத் திட்டலாம். நாங்கள் அவ்வளவு அவசரமாகக் குளித்துவிட்டு ஓடிவந்ததே, திட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டும் என்பதற்காகத்தான் போலிருக்கிறது. இப்போது என்னைத் தவிர ஒருவரும் மிச்சமில்லை.

வெள்ளையைப் பார்த்ததும் வந்த அந்தப் பெருமூச்சை நினைத்துப் பார்த்தேன். தள்ளிப்போன பரீட்சையை என்றைக்காவது எழுதித்தானே ஆக வேண்டும்.

"டெல்லிக்கே போறேனுங்ப்பா."

குரல் எனக்கே கேட்கவில்லை. அப்பாவுக்குக் கேட்டுவிட்டது. அவர் என் காயைக் கடைக்காரரிடம் கொடுத்து வெட்டச் சொல்லி, வழுக்கையை வழித்து என் கையில் வைத்தார். பிறகு, புதிதாக வேலைக்கு வரும் ரிக் பையன்களிடம் பேசுவாரே, அந்தக் குரலில் ஆரம்பித்தார். மேல் பெர்த்தாப் பாத்து வாங்கோணும். பையத் தலைக்கு வெச்சுப் படுத்துக்கோணும். யாரு என்ன குடுத்தாலும் வாங்கித் திங்கப்படாது. அம்மா தலையைத் திருப்பி வாழைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் 'வேண்டாம்' என்று சொன்ன போதெல்லாம் கதவை அறைந்தவள் நான். இப்போது ஒரே ஒரு தடவை, "வேண்டாம் சாமி, இங்கயே இருந்துக்க" என்று சொல்லிவிட மாட்டாரா என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் நாக்பூர் ஸ்டேஷனில் எந்தப் பக்கம் இறங்கினால் சூடாகச் சப்பாத்தி கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.