பிரேக் அக்காவும் பெரிய டயரும்

அவளுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே கொஞ்சம் யோசித்துத்தான் திரும்புவாள். ஊருக்கெல்லாம் அவள் பிரேக் அக்கா. கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது அவள் தொழில். அந்தச் சின்னக் காரில் ஓட்டுபவரின் காலடியில் இருப்பதைப் போலவே பக்கத்து சீட்டின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. படிக்க வந்தவர் காம்பவுண்டுச் சுவரை முத்தமிடப் போகும் நேரம் பார்த்து அக்கா அதை மிதிப்பாள். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

அவளிடம் படித்தவர் பெயிலானதாகச் சரித்திரம் இல்லை. ஸ்டியரிங்கைத் தொட்டதும் கை நடுங்கிய பல் டாக்டர், இடது எது வலது எது என்று கடைசிவரை குழம்பிய கணக்கு வாத்தியார், எல்லோரையும் தேற்றிவிட்டாள். தேறாத ஆள் ஒரே ஒருவர்தான். துரதிர்ஷ்டம், அவரைத்தான் அவள் கட்டிக்கொண்டிருந்தாள்.

அவர் தையல்காரர். அளவெடுத்தால் அரை நூல் பிசகாது. ஆனால் லைசென்ஸ் டெஸ்டுக்கு மூன்று முறை போய் மூன்று முறையும் மண்ணைக் கவ்வியவர். மெயின் ரோட்டில் வேக வரம்பு நாற்பது. அதைத் தாண்டக் கூடாது, அதற்காக ஊர்ந்தும் போகக் கூடாது. நாற்பதை ஒட்டிச் சீராகப் போக வேண்டும். நம்மாளோ முள் முப்பத்தாறைத் தொட்டதுமே சூடுபட்டவர் மாதிரி காலைத் தூக்கிவிடுவார். கார் இருபத்தைந்துக்கு விழும், மறுபடி ஏறும், மறுபடி விழும். மூன்றாவது தடவை டெஸ்ட் அதிகாரி வாயைப் பொத்திக்கொண்டு இறங்கிப் போனார். ஊஞ்சல் ஒத்துக்கொள்ளாத உடம்பாம்.

நாலாவது டெஸ்ட் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. இதுவும் போனால் பழகுநர் உரிமத்திலிருந்து எல்லாவற்றையும் மறுபடி ஆரம்பிக்க வேண்டும். "எனக்கும் காருக்கும் ராசி இல்ல. இதோட விட்டுடுவோம்" என்று அவர் சொல்லிவிட்டார். எதிர்வரிசையில் இன்னொரு டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தவர் அக்காவின் மானத்தைக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார். "வீட்டுக்காரருக்கே கத்துக்கொடுக்க முடியல, உங்களுக்கா கத்துக்கொடுக்கப் போறாங்க?" என்பார், போகிற வருகிறவர்களிடமெல்லாம். அக்கா காதில் விழாதது மாதிரிதான் நடப்பாள். வீட்டுக்கு வந்து பாத்திரத்தை 'டங்'கென்று வைப்பாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் அவள் தம்பி அன்பைக் காட்ட வந்தான். புதுக் கார் வாங்கியிருந்தான். பழைய காரின் பளபளக்கும் வீல் நாலையும் டயரோடு கழற்றி, அக்காவின் பிறந்தநாளுக்குக் கொண்டுவந்து இறக்கினான்.

"அக்கா, உன் வண்டி எலிக்குட்டி மாதிரி இருக்கு. இதை மாட்டு, புலியாயிடும்."

"சைஸ் சரியா இருக்குமாடா?"

"போல்ட் ஓட்டையெல்லாம் அப்படியே உக்காருது. அப்புறம் என்ன?"

செருப்பு வார் பொருந்தினால் போதும், பாதம் எப்படிப் போனால் என்ன என்கிற கட்சி அவன். ஆசையாகக் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லை. புது வீல்கள் ஏறின. பழசு நாலும் கொட்டகைக்குள் போயின.

கார் பார்க்க அழகாகத்தான் இருந்தது, நின்றுகொண்டிருக்கும் வரைக்கும். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் டயர் உள்ளே பிளாஸ்டிக்கில் உரசி 'கரக்... கரக்' என்று கறுவியது. வீலில் இரும்புதான் பெரிசு, சுற்றியிருந்த ரப்பர் மெலிசு. அதனால் ரோட்டில் கிடந்த கூழாங்கல்லெல்லாம் நேராக முதுகுத்தண்டில் வந்து பேசியது, பல்லெல்லாம் ஆடியது. பல் டாக்டரிடம் சொன்னால் அவருக்கு வியாபாரம் பெருகும் என்று அக்கா அலுத்துக்கொண்டாள். கிளம்பும்போது வண்டி சோம்பல் முறித்தது, கற்றுக்கொள்பவர்கள் இஞ்சினை அணைத்து அணைத்து அசடு வழிந்தார்கள்.

மாட்டிய அன்று சாயங்காலமே தையல்காரர் கொட்டகைக்கும் வாசலுக்கும் நடையாய் நடந்தார். கையில் அளவு நாடா. புது டயரைச் சுற்றிப் பிடித்துப் பார்த்தார். அறுபது அங்குல நாடா எட்டவில்லை, ஒரு துணிப் பட்டையை ஒட்டுப்போட்டுப் பிடித்தார்.

"என்னங்க, அதுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?"

"சும்மாதான். இடுப்பு எவ்வளவுன்னு பாத்தேன்" என்று சொல்லி நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் அதிசயம் நடந்தது. பயிற்சியில் ஊஞ்சல் நின்றுவிட்டது. மெயின் ரோட்டில் முள் முப்பத்தாறில் ஆணி அடித்தது மாதிரி நின்றது. அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "இன்னும் நாலே நாலுதாங்க! ஏத்திட்டா பாஸ்!" என்றாள். அவர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

புதன்கிழமை, பாலம் தாண்டியதும், ரோட்டோரத்தில் புதிதாக ஒரு பலகை நின்றது. வருகிற வண்டியின் வேகத்தை வெளிச்ச எழுத்தில் காட்டும் பலகை. காரில் முள் முப்பத்தாறு. பலகையில் நாற்பது.

அக்கா அந்த நாற்பதைப் பார்த்தாள். பார்த்த அதே கணத்தில் கார் குலுங்கி, முனகி, நடுரோட்டில் நின்றது. பின்னால் வந்த வேன்காரர் அவர்கள் பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போனார்.

தையல்காரர் வண்டியை நிதானமாக ஓரங்கட்டினார்.

"அந்தப் பலகைக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு" என்றாள் அக்கா, மூச்சு வாங்க.

"இல்ல. நம்ம முள்ளுதான் தப்பு. பழைய டயர் சுத்தளவு எழுபத்தொண்ணு அங்குலம். இது எழுபத்தெட்டு. ஒவ்வொரு சுத்துக்கும் ஏழு அங்குலம் கூடப் போகுது. வண்டிக்கு அது தெரியாது. சக்கரம் எத்தனை சுத்து சுத்துச்சுன்னுதான் அதுக்குத் தெரியும், பழைய டயர்னு நெனச்சே கணக்குப் போடுது. முப்பத்தாறுன்னு காட்டும்போது நெசமா நாப்பதுல போறோம்."

அக்காவுக்கு முதலில் உறைத்தது வேறு. "ஐயய்யோ! ஒரு வாரமா எல்லாரையும் முள்ளுல நாப்பது வைக்கச் சொன்னேனே! நாப்பத்து நாலுல விட்டிருக்கேனே!" தலையில் அடித்துக்கொண்டவள் சட்டென்று நிமிர்ந்தாள். "அப்போ நீங்க தெரிஞ்சேதான் நாப்பதுல ஓட்டுனீங்களா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொல்லியிருந்தா உன் கால் சும்மா இருந்திருக்குமா?"

"என் கால் என்ன பண்ணுச்சு?"

"இப்போ எங்க இருக்குன்னு பாரு."

குனிந்து பார்த்தாள். வண்டி ஓரங்கட்டி நின்று இவ்வளவு நேரமாகியும் அவள் கால் பிரேக்கை விட்டு இறங்காமல் அதன் மேலேயே இருந்தது.

முள் முப்பத்தாறைத் தாண்டும்போதெல்லாம் காலைத் தூக்கியது அவர் பயமில்லை. தாண்டினால் பக்கத்திலிருந்து ஒரு கால் இறங்கும் என்று அவர் உடம்பு பழகிவிட்டிருந்தது. டெஸ்டில் அவள் இல்லாதபோதும் அந்தப் பழக்கம் அவரோடு போயிருந்தது. மூன்று முறை பெயிலாக்கியவள் அவள்தான். அது புரிந்ததும் அவள் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் இந்த டயரே இருக்கட்டுமே. நீங்க பாட்டுக்கு முப்பத்தாறுன்னு ஓட்டிட்டு வந்துடுங்க" என்றாள், கொஞ்சம் திருட்டு முழியோடு.

"அளவு தப்புன்னு தெரிஞ்சும் மாட்டிக்கிட்டுப் போறதா? நான் மாட்டேன்."

அன்றைக்கே பழைய சக்கரங்கள் ஏறின. தம்பிக்கு முகம் சுண்டிப்போனது, அக்கா அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள். வியாழக்கிழமை பயிற்சிக்கு அவள் செருப்பைக் கழற்றிவிட்டு சீட்டின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முள் முப்பத்தேழு. முப்பத்தெட்டு. அவள் தன் கால் கட்டைவிரலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நாற்பது. தையல்காரர் இரண்டு தரம் பக்கவாட்டில் பார்த்தார். கால் இறங்கவில்லை என்று தெரிந்த பிறகு கார் நூல் பிடித்தது மாதிரி போனது.

வெள்ளிக்கிழமை அவர் பாஸ். டெஸ்ட் அதிகாரி இறங்கும்போது இந்தத் தடவை வாயைப் பொத்தவில்லை, கைகொடுத்தார். திரும்பும் வழியில் தையல்காரரே ஓட்டினார். எதிர்வரிசைக்காரர் கடை வாசலில் அக்கா தேவையில்லாமல் ஒரு ஹாரன் அடிக்கச் சொன்னாள், அவரும் அடித்தார்.

சந்தோஷம் அடங்கியதும் அவளை ஒன்று அரித்தது.

"ஏங்க, எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கேன். யாருக்கும் நான் முப்பத்தாறுல மிதிச்சது இல்லையே. உங்களுக்கு மட்டும் ஏன்?"

"உனக்கு நான் ஓட்டுறது மேல பயம் இல்ல. எனக்கு ஏதாவது ஆயிடுமோன்னுதான் பயம். அது எனக்கு மொத டெஸ்டுக்கு முன்னாடியே தெரியும்."

"அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாமே! மூணு தடவை அசிங்கப்பட்டீங்களே!"

"சொன்னா மிதிக்கிறதை நிறுத்திடுவியே" என்றார் தையல்காரர்.

இந்த மனுஷன் மேல் அவளுக்கு இருந்த பிரியம் மொத்தமும் ஒரேயடியாகப் பொங்கிக் கண் வழியாக வந்தது. அவர் என்னவென்று அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்றாள், முகத்தைத் துடைத்துக்கொண்டே.