சப்பாத்தோடு கோர்தோபாவுக்குள்

என் கணவர் செத்து ஐந்தாம் மாதம் நான் ஸ்பெயினுக்குப் போனேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

பயணத்தை ஒழுங்கு செய்தது அவர்தான். சிட்னியில், பரமட்டாவில் முப்பது வருடம் பாலங்கள் கட்டும் வேலையில் இருந்த பொறியியலாளர். ஓய்வு பெற்றதும் ஸ்பெயினின் கோர்தோபாவில் ரோமர் கட்டிய பாலத்தை என்னோடு நடந்து கடக்க வேண்டும் என்பார். ஓய்வு கிடைத்தது. இருதயம்தான் பொறுக்கவில்லை.

புறப்படுவதற்கு முதல் கிழமை, வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனடிக் கடையில் இடியப்பம் வாங்க நின்ற என்னை மச்சாள் பிடித்துக்கொண்டார். என் கணவரின் அக்கா.

“ஆட்டைத் திவசத்துக்கு இன்னும் ஏழு மாசம் கிடக்கு. கோயில் வாசல் மிதிக்கக்கூடாத நேரத்தில உனக்கு ஊர் சுத்தக் கேக்குதோ?”

மச்சாளுக்கு அந்தத் தடை இல்லை. கலியாணம் செய்து வேறு குடும்பத்துக்குப் போனவராம். கூடப்பிறந்த தம்பியின் சாவுத் துடக்கு அவருக்குச் சில நாட்களோடு கழிந்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமையே பட்டுச்சேலையோடு கோயிலில் நின்றார். எனக்கு மட்டும் ஆட்டைத் திவசம் வரை முழு வருடம். பற்றிக்கொண்டு வந்தது. இடியப்பத்தை வாங்கிக்கொண்டு நடந்தேன். வீட்டுக்கு வந்து பெட்டியை அடுக்கினேன்.

பாலத்தை இரண்டு தரம் கடந்தேன், அவருக்கு ஒரு தரம், எனக்கு ஒரு தரம். அவர் வந்திருந்தால் ஒவ்வொரு வளைவின் கீழும் பத்து நிமிடம் விளக்கம் சொல்லி என் பொறுமையைச் சோதித்திருப்பார். நடுப்பாலத்தில் நின்று நன்றாக அழுதேன்.

பாலம் முடிகிற இடத்தில் ஒரு பழைய பெரிய பள்ளிவாசல். இப்போது அது தேவாலயம். வாசலுக்கு வந்ததும் என் பாட்டில் குனிந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டேன். சப்பாத்தை எங்கே வைப்பது என்று சுற்றிப் பார்த்தால் எல்லோரும் என் காலைப் பார்க்கிறார்கள். காவலுக்கு நின்ற பெண் சிரித்துக்கொண்டு, போட்டுக்கொண்டே வரலாம் என்று கையால் காட்டினார். புருஷன் செத்து எத்தனை மாதம் ஆயிற்று என்று அந்தப் பெண் கேட்கவில்லை.

உள்ளே கண்ணுக்கெட்டிய மட்டும் தூண்கள், மேலே சிவப்பும் வெள்ளையுமாய் வளைவுகள். தூண்களில் பல, இடிந்துபோன ரோமர் கட்டடங்களிலிருந்து எடுத்தவையாம். உயரம்கூட ஒன்றுபோல இல்லை. வீடு இடிந்த தூண், ஒரு வருடம் ஒதுங்கிக் கிட என்று அதை யாரும் மூலையில் போடவில்லை. தூக்கி நிறுத்தி அடுத்த கூரையைத் தாங்க வைத்திருக்கிறார்கள். ஒரு தூணில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். என்னை ஒதுக்கி வைக்க, அவர் செத்தது என் குற்றம் இல்லை என்பது அங்கே வைத்துத்தான் எனக்கு உறைத்தது.

சிட்னிக்குத் திரும்பிய வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். சப்பாத்து வைக்கும் தட்டுக்குப் பக்கத்தில் மச்சாள். என்னைக் கண்டதும் முகம் கறுத்தது.

“இன்னும் ஆறு மாசம் கிடக்கு” என்றார், குரலைத் தாழ்த்தி.

“நீங்கள் இருந்து எண்ணுங்கோ மச்சாள். நான் கும்பிட்டுப் போட்டு வாறன்.”

சப்பாத்தைக் கழற்றி மச்சாளுடையதற்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனேன்.