செல்லக்கிளி பெயரில் அறுபத்து நான்கு புத்தகங்கள்

ஏப்ரல் முதல் தேதி காலை ஒன்பதே முக்காலுக்குப் பல்கலைக்கழக நூலகத்தின் பிரிண்டர் இரண்டு பக்கங்களைக் கக்கியது. கெடு தாண்டியும் புத்தகத்தைத் திருப்பித் தராதவர்களின் பட்டியல் அது. புதிய மென்பொருள் தானாகவே தயாரித்த முதல் பட்டியல் என்பதால் நூலக உதவியாளர் செல்லக்கிளி ஆவலோடு எடுத்தாள். எந்தப் பேராசிரியராவது முதலிடத்தில் இருப்பார், இன்றைக்கு அவரை ஒரு பிடி பிடித்துவிடலாம் என்று கண்ணாடியை மாட்டினாள். முதலிடத்தில் இருந்தது அவளுடைய பெயர்தான். அறுபத்து நான்கு புத்தகங்கள்.

"என்னக்கா, ஏப்ரல் ஃபூல் பண்றாய்ங்களா?" என்றான் பக்கத்து நாற்காலியில் இருந்த ஸ்ரீராம்குமார். நூலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் அவன் பொறுப்பு.

செல்லக்கிளிக்குச் சிரிப்பு வரவில்லை. வரும் ஜூன் முப்பதோடு அவளுக்கு ஓய்வு. அதற்குள் நூலகர் சிவசங்கரன், இவளிடம் புத்தகப் பாக்கி எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் ஓய்வூதியக் கோப்பு ஒரு அங்குலம் நகராது. முப்பத்தோரு வருடம் வேலை பார்த்த நூலகமே தன்னைப் புத்தகம் திருப்பாதவள் என்று சொல்லி அனுப்புவதா? அந்தப் பட்டியலின் ஒரு பிரதி நேராக நூலகரின் மெயிலுக்கும் போயிருக்கும். அப்படிப் போகும்படி ஏற்பாடு செய்தவளும் அவளேதான்.

யாரும் அவளுக்குக் குழி பறிக்கவில்லை. பழைய மென்பொருளில் ஊழியர் எடுக்கும் புத்தகத்துக்குக் கெடுவே கிடையாது. அதில் இருந்த விவரங்களையெல்லாம் கோஹா என்ற இந்தப் புதிய மென்பொருளுக்கு மாற்றியபோது, "ஸ்டாஃப் எடுத்ததுக்குத் தேதி காலியா இருக்கேக்கா, என்ன போட?" என்று ஸ்ரீராம்குமார் கேட்டான். "மார்ச் முப்பத்தொண்ணுன்னு போடு, எல்லாப் பயலும் கொண்டாந்து குடுக்கட்டும்" என்று உத்தரவிட்டவள் இந்த மகராசிதான். தன் பெயரும் அந்த 'எல்லாப் பய'லில் சேர்த்தி என்பது அப்போது உறைக்கவில்லை.

கோஹா அவளுக்குச் செல்லப் பிள்ளை. அது கட்டற்ற மென்பொருள். விலை கிடையாது, யாரும் எடுத்துத் திறந்து பார்த்துத் தங்கள் நூலகத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். அதன் திரையில் வரும் தமிழ்ச் சொற்களில் பதினேழு இவள் எழுதி அனுப்பி, உலகத்தின் எங்கெங்கோ இருக்கும் தன்னார்வலர்கள் ஏற்றுக்கொண்டவை. திருப்பரங்குன்றத்தில் பஸ் ஏறும்போது தெரிந்தவர் யாராவது மாட்டினால் அந்தப் பதினேழைச் சொல்லாமல் விடமாட்டாள். கேட்டவர்கள் அடுத்த பஸ்ஸில் போகத் தொடங்கினார்கள் என்பது வேறு விஷயம்.

அறுபத்து நான்கும் அவள் படிக்க எடுத்தவை அல்ல. தொலைநிலைக் கல்வியில் படிக்கிறவர்களுக்கு இந்த நூலகத்தில் இரவல் அட்டை கிடையாது. மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வருவார்கள். நாளெல்லாம் வாசிப்பறையில் குனிந்து எழுதிவிட்டு, மாலையில் புத்தகத்தை மேசையில் வைக்க மனமில்லாமல் வைப்பார்கள். செல்லக்கிளியும் லேபிள் ஒட்டும் தினக்கூலியாக இருந்துகொண்டு தபாலில் படித்துத்தான் பட்டம் வாங்கியவள். அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டு அவளால் சும்மா இருக்க முடியாது. கவுன்டரில் இருப்பவரிடம், "என் பேர்ல போடு" என்பாள். புத்தகம் மேலூர் பஸ் ஏறிவிடும்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. பழைய மென்பொருள் ஒரே ஒரு கம்ப்யூட்டரில்தான் ஓடும். அது இருந்த அறைக்கு ஞாயிறு பூட்டு. கவுன்டரில் துண்டுச் சீட்டில் குறித்ததைத் திங்கட்கிழமை மறக்காமல் பதிந்துவிடுவாள். திரும்பி வந்ததை அலமாரியில் வைத்துவிட்டுப் பதியாமல் மறந்துவிடுவாள். கொடுப்பதில் இருந்த கவனம் வாங்குவதில் இல்லை. குணம் அப்படி.

ஸ்ரீராம்குமார் நாற்காலியை இழுத்துப் போட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"எதுக்குக்கா இம்புட்டு யோசனை? புத்தகம் கையில இல்லாட்டியும் பார்கோடு நம்பரை அடிச்சா ரிட்டர்ன் ஆயிரும். அஞ்சு நிமிஷ வேலை. நான் அடிக்கட்டா?"

செல்லக்கிளியின் விரல் விசைப்பலகை வரை போனது. ஓய்வூதியம் கண்ணில் ஆடியது. பிறகு கையை மடியில் போட்டுக்கொண்டாள்.

"வேணாம் தம்பி. ரிட்டர்ன் அடிச்சா, புத்தகம் அலமாரியில இருக்குன்னு காட்டும். ஒரு பிள்ளை அதை நம்பி மூணாவது மாடி ஏறி வந்து தேடும். இல்லாததை இருக்குன்னு சொல்றதுக்கா ராப்பகலா இதைக் கட்டுனோம்?"

அன்றைக்கே நூலகர் அறைக்குப் போய் உள்ளதைச் சொன்னாள். சிவசங்கரன் கெட்டவர் இல்லை. விதி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் அவர், அவ்வளவுதான். பட்டியலை இரண்டு முறை படித்தார்.

"உங்க நல்ல மனசு எனக்குப் புரியுதும்மா. ஆனா கடைசிப் புத்தகம் வர்ற வரைக்கும் நான் கையெழுத்துப் போட முடியாது."

"போடக் கூடாது சார்" என்றாள் செல்லக்கிளி. சொல்லிவிட்டு வெளியே வந்தவளுக்குக் கண் கலங்கியது.

மறுநாளிலிருந்து அலமாரி அலமாரியாகத் தேடினாள். சித்திரைத் திருவிழாவுக்கு ஊரே வைகை ஆற்றில் நின்றபோது அவள் கல்வியியல் அடுக்கில் ஏணி மேல் நின்றாள். நாற்பத்தொரு புத்தகங்கள் சொந்த இடத்திலேயே சமர்த்தாக உட்கார்ந்திருந்தன. மிச்சம் இருபத்து மூன்று. யாருக்குக் கொடுத்தோம் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனால் புத்தகத்தின் பெயரைப் பார்த்ததும் வாங்கிப் போன முகம் நினைவுக்கு வந்துவிடும். போனில் பிடித்தாள். ஒருவர் அழகர்கோவில் பக்கம் பள்ளிக்கூடத்தில் வாத்தியார், ஒருவர் தாலுகா ஆபீஸில் கிளார்க். "ஐயையோ அக்கா, இன்னும் உங்க பேர்லயா இருக்கு?" என்று பதறிப்போய்க் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஜூன் பாதிக்குள் இருபத்திரண்டு வந்துவிட்டன.

ஒன்று மட்டும் வரவில்லை. ஒன்பது வருடங்களுக்கு முன்னால் மேலூர் மரியம் பீவி வாங்கிப் போன கல்வி உளவியல் புத்தகம். விலைக்கு வாங்கி வைத்துவிடலாம் என்றால் அது இப்போது அச்சிலேயே இல்லை. மரியம் பீவியின் பழைய எண்ணும் வேலை செய்யவில்லை. விசாரித்து விசாரித்து அவள் ஆசிரியையாக இருக்கும் பள்ளியின் எண்ணைப் பிடித்தாள்.

"அல்லாவே! அது எங்கிட்ட இல்லையேக்கா" என்றாள் மரியம் பீவி. "நான் பரீட்சை முடிச்சதும் எங்க மாமி மக சனோபருக்குக் குடுத்தேன். அவ யாருக்குக் குடுத்தாளோ. ரெண்டு வாரம் டைம் குடுங்க, தேடி எடுத்துக்கிட்டு நானே வாரேன்."

இரண்டு வாரமும் செல்லக்கிளி சரியாகச் சாப்பிடவில்லை. ஜூன் இருபத்தேழாம் தேதி மதியம் மரியம் பீவி வந்து நின்றாள். பையிலிருந்து எடுத்த புத்தகத்துக்குப் பழுப்புத்தாள் அட்டை போட்டிருந்தது. ஓரம் கிழியவில்லை. செல்லக்கிளி பழக்கதோஷத்தில் பின்னட்டையைத் திருப்பினாள். கெடு தேதி முத்திரை குத்தும் தாள் அங்கே ஒட்டியிருக்கும். அந்தத் தாளில், கடைசி முத்திரைக்குக் கீழே, பேனாவால் ஏழு பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே வாங்கிய தேதி, கொடுத்த தேதி. மரியம் பீவி, சனோபர், நல்லகாமன், ஸ்ரீஜா என்று இறங்கி ஜெயபாண்டியில் முடிந்தது.

"கைமாறுறப்ப எல்லாரும் தேதி போட்டிருக்காங்கக்கா. கடைசியா வச்சிருந்த ஜெயபாண்டிங்கிறவருக்குப் போன மாசம்தான் ரிசல்ட் வந்துச்சாம். ஏழு பேருமே பாஸு."

புத்தகத்தில் பேனா வைத்தவனை முப்பத்தோரு வருடமாக வைதவள் அன்றைக்கு அந்தத் தாளைத் தடவிக்கொண்டு கவுன்டரிலேயே அழுதாள். சுற்றிலும் மாணவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

சிவசங்கரன் ஏழு பெயர்களையும் வாய்விட்டுப் படித்தார். செல்லக்கிளியின் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை மூடாமல் கேட்டார்.

"நம்ம சாப்ட்வேர்ல இவங்களுக்குன்னு ஒரு அட்டை போட முடியுமா?"

"பழைய சாப்ட்வேர் கம்பெனிக்கு ரெண்டு தடவை எழுதிக் கேட்டேன் சார், பேக்கேஜ்ல இல்லேன்னுட்டாங்க. இதுல பத்து நிமிஷம் போதும். விதிதான்…"

"ஆறு மாசத்துக்குச் சோதனைன்னு என் அதிகாரத்துலயே குறிப்பு எழுதுறேன். நீங்க செட் பண்ணிட்டுப் போங்க."

'வெளி வாசகர்' என்று புதிய வகை ஒன்றைத் திரையில் உருவாக்கினாள் செல்லக்கிளி. ஒருவருக்கு இரண்டு புத்தகம், பதினான்கு நாள் கெடு. ஓய்வு பெறுகிற அன்று மாலை தன் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். பூஜ்யம் என்று காட்டியது.

ஜூலை இரண்டாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பார்வையாளர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு உள்ளே வந்தாள். ஊழியர் அட்டை செல்லாது. ஸ்ரீராம்குமார் 'வெளி வாசகர்' என்று புது அட்டை போட்டுக் கொடுத்தான். அவள் மூன்று புத்தகங்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். மேலே இருந்தது பழுப்புத்தாள் அட்டை போட்ட கல்வி உளவியல்.

"ரெண்டுதான்க்கா எடுக்கலாம்."

"எவன்டா அவன் இப்படி ரூல் போட்டது?"

"நீங்கதான்க்கா."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஒன்றை ஒதுக்கிவிட்டு, கல்வி உளவியலை ஸ்கேனர் பக்கம் நகர்த்தினாள்.

"யார் பேர்லக்கா?" என்றான் வேண்டுமென்றே.

"என் பேர்ல போடு" என்றாள் செல்லக்கிளி. இந்த முறை புத்தகம் அவள் படிப்பதற்குத்தான்.