ஷாமினி அப்பாவைப் பற்றி எழுதியது

ஷாமினிக்கு அடிக்கடி நெஞ்சு படபடத்ததால், சிலிபின் கிளினிக் டாக்டர் மாத்திரையோடு ஒரு யோசனையும் சொன்னார். “சின்ன வயசுல பட்டத எழுதிப் பாருங்க. மனசு லேசாகும்.”

மருந்துக்கடையில் வேலை பார்ப்பவளுக்குக் காசில்லாத மருந்தில் நம்பிக்கை கிடையாது. இருந்தும், மதிய ஓய்வில் கைப்பேசியில் எழுதத் தொடங்கினாள்.

முதலில் வந்தது சுங்காய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டம். சிறுமியாக இருந்தபோது ஒருநாள் படுக்கையை நனைத்துவிட்டாள். அப்பா கார்த்திகேசு ஈரப் போர்வையை அவள் தலையில் போட்டு லயத்து வீட்டு வாசலில் நிறுத்தினார். விடியற்காலையில் பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போன தோட்டத்துச் சனமெல்லாம் பார்த்துச் சிரித்தது. தடுக்க வந்த அம்மாவுக்குக் காதோடு ஓர் அறை. சாகும்வரை அந்தக் காது கேட்கவே இல்லை.

எழுதிவிட்டு அழுதாள். சில வாரங்களில் அழுகை நின்று அப்பா மேல் அருவருப்பு வந்தது. வேலை வாங்கும் மண்டோர் திட்டினால் பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற மனிதர். அடுத்தவன் வாங்கித் தந்த சம்சுச் சாராயத்தைக் குடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து பிள்ளையிடம் வீரம் காட்டியவர். இந்த ஆளுக்கா இத்தனை வருஷம் நடுங்கினோம் என்று கூசியது.

அப்போதுதான் தம்பி கோகிலன் போன் செய்தான். “அக்கா, அப்பாவுக்கு எழுபது வயசு. விழாவுக்கு டேவான் மண்டபம் புக் பண்ணியாச்சு. அவரப் பத்தி மேடையில படிக்க நீங்கதான் எழுதித் தரணும்லா.”

“எழுதியே வச்சிருக்கேன்.”

அனுப்பியதைப் படித்துவிட்டுப் பதறினான். “இதையா படிக்கிறது? அவரு மாறிட்டாருக்கா. தினம் கோயிலுக்குப் போறாரு.”

“போனதுல அம்மாவுக்குக் காது வந்துருச்சா?”

அந்த ஞாயிற்றுக்கிழமை, அப்பா இருக்கும் கோகிலன் வீட்டுக்கே போனாள். அப்பாவுக்குக் கண்ணில் புரை. எதிரே உட்கார்ந்து, ஒரு வரி விடாமல் அவளே படித்தாள். அவர் பிஸ்கட்டைத் தேநீரில் முக்கித் தின்றபடி கேட்டார். கோகிலன் கதவோரம் வியர்த்து நின்றான்.

முடிந்ததும் அப்பா வாயைத் துடைத்தார். “எல்லாம் சரி. தோட்டத்து டீமுக்கு நான் கோல்கீப்பரா நின்னத ஏன் எழுதல? அந்த வருஷம் கப்பு நமக்குத்தான.”

“என்னைய வாசல்ல நிறுத்துனது?”

“அது அப்ப எல்லாரும் செஞ்சதுதான். கோல்கீப்பர்னு போடு. படங்கூட இருக்கு.”

கோபப்படுவார், அழுவார், பொய் சொல்வார் என்றெல்லாம் எண்ணி வந்திருந்தாள். இதைக் கேட்டுச் சிரிப்புத்தான் வந்தது. இவரிடமிருந்தா ஒரு மன்னிப்பு வரும் என்று காத்திருந்தோம்?

காருக்குள் உட்கார்ந்து கோகிலனுக்கு ஒரே வரி அனுப்பினாள்: ‘கார்த்திகேசு, தோட்டத்துக் கோல்கீப்பர். மேடைக்கு இது போதும்.’

விழாவுக்கு அவள் போகவில்லை. அன்று ஆயர் தாவாரில் தோழி வீட்டில் நண்டுக்கறி சாப்பிட்டாள். படபடப்பு முழுவதும் போய்விடவில்லை, குறைந்திருக்கிறது. இப்போது அவள் எழுதுவது, சம்பள நாளில் அம்மா யாருக்கும் தெரியாமல் டவுனுக்குக் கூட்டிப்போய் ஐஸ் கச்சாங் வாங்கித் தந்த கதை. கதை இன்னும் அவர்கள் பஸ் ஏறும் இடத்துக்கே வரவில்லை.